ஐஸ் பேக்: எங்கே ஒட்டி வைப்பது, எங்கே தள்ளி வைப்பது

நீல ஜெல் அடைத்த ஐஸ் பேக் இப்போது நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் காவேரிப்பட்டணம், பாலக்கோடு மாதிரி ஊர்களின் மெடிக்கல் கடையிலும் கிடைக்கிறது. வாங்குபவர்கள் விலையைக் கேட்கிறார்கள், எப்படி வைப்பது என்று கேட்பதில்லை. ஃப்ரீசரிலிருந்து எடுத்து அப்படியே முட்டியில் கட்டிக்கொள்கிறார் ஒருவர். இன்னொருவர் இன்சுலின் பாட்டிலையும் ஐஸ் பேக்கையும் ஒரே கவரில் போட்டுச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறார். முதல் ஆளுக்குத் தோல் வெந்துபோகும். இரண்டாவது ஆளுக்கு மருந்து வீணாகும். இரண்டு இடத்திலும் கோளாறு ஒன்றுதான்: நமக்குத் தேவை குளிர்ச்சி, கொடுத்தது உறைநிலை. மருந்துக் கடையில் நின்று இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதால், முதல்முறை வாங்குபவர்களுக்கு உதவட்டும் என்று முழுதாக எழுதிவைக்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

ஐஸ் பேக் தன் குளிரைப் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பதன் சூட்டை அது வாங்கிக்கொள்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஒரு கிலோ ஐஸ் முழுக்க உருகுவதற்கு வாங்கும் சூடு, ஒரு லிட்டர் ஐஸ் தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கப் போதுமானது. அவ்வளவையும் வாங்கி முடிக்கும்வரை, உருகுகிற ஐஸ் 0 டிகிரியிலேயே நிற்கும். வெறும் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் சீக்கிரம் சூடேறிவிடுவதும், ஐஸ் மணிக்கணக்கில் தாங்குவதும் இதனால்தான்.

ஜெல் பேக்கிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீரைப் பிடித்து வைத்துக் கூழாக்கும் ஒரு பொருளைச் சேர்த்திருப்பார்கள். சிலவற்றில் முழுக்கக் கட்டியாகாமல் வளைந்து கொடுப்பதற்காக, எளிதில் உறையாத கிளைக்கால் வகைத் திரவமும் இருக்கும். வளையும் என்பதால் கணுக்கால், முட்டி, தோள்பட்டைக்கு வசதி. ஆனால் இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி வரை போகும். அங்கிருந்து எடுத்த ஜெல் பேக், தொட மெத்தென்று இருந்தாலும் ஐஸ் கட்டியைவிடக் குளிராக இருக்கும். மெத்தென்று இருக்கிறதே என்று தோலில் நேராக வைக்காதீர்கள்.

ஃப்ரீசரே வேண்டாத வகை ஒன்று உண்டு. கசக்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர்ப் பை உடைந்து, யூரியா அல்லது அம்மோனியம் நைட்ரேட் அதில் கரையும். கரையும்போது சூட்டை இழுப்பதால் சட்டென்று குளிர்ந்துவிடும். ஒருமுறைதான் பயன்படும், கால் மணி நேரம்போலத் தாங்கும். கபடி டீம், பள்ளி விளையாட்டு விழா, தை மாதத்தில் நம் பக்கம் நடக்கிற எருது விடும் விழா போன்ற இடங்களில் முதலுதவிப் பெட்டியில் இரண்டு மூன்று போட்டுவைக்கலாம். வீட்டுக்கு இது வீண் செலவு. மூன்றாவது வகை, தண்ணீர் நிரப்பி உறைய வைக்கும் கெட்டி பிளாஸ்டிக் டப்பா. இது உடம்புக்கு அல்ல, பெட்டிக்குள் பொருளைக் குளிராக வைப்பதற்கு.

காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. கெட்டியான கவர் ஒன்றில் ஐஸ் கட்டிகளையும் அரை டம்ளர் தண்ணீரையும் போட்டு, காற்றைப் பிதுக்கிவிட்டு இறுகக் கட்டினால் ஐஸ் பேக் தயார். தண்ணீர் சேர்ப்பதால் கட்டிகளின் இடைவெளி நிரம்பி, உடம்போடு நன்றாகப் படியும். இது 0 டிகிரிக்குக் கீழே போகாது, அதனால் வாங்கும் ஜெல் பேக்கைவிடப் பாதுகாப்பானது என்பது என் கருத்து. இன்னொரு வழி, கைத்துண்டை நனைத்துப் பிழிந்து, மடித்து, கவரில் போட்டு ஃப்ரீசரில் வைப்பது. ஐஸில் உப்பு மட்டும் போடாதீர்கள். உப்பு போட்ட ஐஸ் 0 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்கும். குல்பி வண்டிக்காரர் பானையில் உப்பு போடுவது அதற்காகத்தான். தோலுக்கு அது ஆகாது.

கால் பிசகினால்

அதிகம் பேர் ஐஸ் பேக் தேடுவது இதற்குத்தான். வரப்பில் கால் மடங்குவது, பஸ் படியில் தவறுவது, வண்டியிலிருந்து சாய்ந்து விழுவது. கடைக்கு வந்ததும் முதலில் கேட்பது, "அண்ணா, எண்ணெய் போட்டு நீவி விட்டுடலாமா?" முதல் 2 நாள் நீவவே கூடாது. உள்ளே சின்ன ரத்தக் குழாய்கள் அறுந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். நீவினால் கசிவு கூடும், வீக்கமும் கூடும். வெந்நீர் ஒத்தடமும் அந்த 2 நாளுக்கு வேண்டாம்.

முதலில் எலும்பு முறிவு இருக்குமா என்று பாருங்கள். கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பை விரலால் அழுத்தும்போது உயிர் போகிற வலி இருந்தாலோ, 4 அடி கூட ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். கால் கோணலாகத் தெரிந்தாலும், விரல்கள் மரத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தாலும் ஐஸ் தேடி நேரத்தை வீணாக்காமல் நேராக ஆஸ்பத்திரி. கட்டு போடுகிறவரிடம் போகிற வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் எக்ஸ்ரே பார்க்காமல் யார் கையிலும் காலைக் கொடுக்காதீர்கள்.

சாதாரணப் பிசகுதான் என்றால், ஷூ, கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு மெட்டியைக் கழற்றுவது பெரும்பாடு. படுத்துக்கொண்டு, காலை இரண்டு தலையணை மேல், நெஞ்சைவிட உயரமாக வையுங்கள். மெல்லிய பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து காலில் சுற்றுங்கள். காய்ந்த தடித்த டர்க்கி டவலைச் சுற்றினால் குளிரே இறங்காது. ஈரத் துணியில் குளிர் சீராக இறங்கும். அதன் மேல் ஐஸ் பேக்கை வையுங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம், படிந்து நின்றால் போதும்.

பிறகு பக்கத்திலேயே இருங்கள். முதலில் சில்லென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் எரிகிற மாதிரி தோன்றும். அடுத்து உள்ளுக்குள் ஒரு குடைச்சல். அதற்கப்புறம் மரத்துப்போகும். மரத்ததும் எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் இதற்கு 10 முதல் 15 நிமிடம் ஆகும். எந்தக் காரணம் கொண்டும் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நடுவில் ஒருமுறை துணியை விலக்கித் தோலைப் பாருங்கள். சிவந்திருந்தால் சரி. வெளுத்தோ, சாம்பல் பூத்தோ, திட்டுத் திட்டாகவோ தெரிந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள். மாநிறமாகவோ கறுப்பாகவோ இருப்பவர்களுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அதனால் விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள்: அழுத்திய இடத்தில் நிறம் உடனே திரும்ப வேண்டும். தோல் பழைய சூட்டுக்கு வந்த பிறகு, 2 மணி நேரம் கழித்து மறுபடி வைக்கலாம். ஐஸ் வைத்தபடி தூங்கிவிடக் கூடாது. இரவில் வைத்துக் கட்டிக்கொண்டு படுத்து, காலையில் கொப்புளத்தோடு எழுந்தவர்கள் உண்டு.

எத்தனை நாள் வைப்பது? முதல் 2 நாள் போதும். 1978-ல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர் ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயரத் தூக்கல் என்ற நான்கையும் சேர்த்துச் சொன்னது உலகம் முழுக்கப் பரவியது. பல ஆண்டுகள் கழித்து அவரே, அதிகமாக ஐஸ் வைத்தால் ஆறுவது தாமதப்படலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். வீக்கம் என்பது உடம்பு தன்னைச் சரிசெய்கிற வேலையின் ஒரு பகுதி. ஐஸ் வலியை அடக்கும், அதற்காக வையுங்கள். அதுவே காயத்தை ஆற்றிவிடும் என்று வாரக்கணக்கில் வைக்காதீர்கள். வலி குறைந்ததும் காலை மெதுவாக அசைக்கத் தொடங்குவதுதான் குணமாகும் வழி.

நாள்பட்ட முட்டிவலி, காலையில் எழுந்ததும் பிடித்துக்கொள்ளும் இடுப்பு, கெண்டைக்கால் குரக்களி ஆகியவற்றுக்கு வெந்நீர் ஒத்தடம்தான் சுகம். அதே முட்டி திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் ஐஸ். கண்ணிமையில் வரும் கட்டிக்கு வெதுவெதுப்பான ஒத்தடம். கண்ணைச் சுற்றி அடிபட்டுக் கன்றிப்போனால் ஐஸ், ஆனால் கண்விழி மேல் அழுத்தம் விழாமல். பல் பிடுங்கிய அன்று கன்னத்தின் வெளிப்பக்கம் 10 நிமிடம் வைத்து எடுத்து வைத்து எடுத்து வரலாம். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் சிலருக்கு நெற்றியிலும் பிடரியிலும் துணி சுற்றிய ஐஸ் பேக் நல்ல ஆறுதல். பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கும் தாய்மார்கள், குழந்தைக்குக் கொடுத்து முடித்த பின் சில நிமிடம் வைக்கலாம்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் தாங்களாக ஐஸ் வைக்கவே வேண்டாம். மரத்துப்போவது அவர்களுக்குத் தெரியாது, தெரியாமலே தோல் செத்துப்போகும். குளிரில் விரல்கள் வெளுத்துப்போகிறவர்கள், குளிர் பட்டால் தடிப்பு வருகிறவர்கள், காலில் ரத்த ஓட்டம் குறைவு என்று டாக்டர் சொல்லியிருப்பவர்கள் எல்லோருக்கும் இதே எச்சரிக்கை.

ஐஸ் வைக்கவே கூடாதவை

தீக்காயம். எண்ணெய் தெறித்தாலும், குக்கர் ஆவி அடித்தாலும், பட்டாசு சுட்டாலும் ஐஸ் வேண்டாம். ஏற்கெனவே வெந்த தோலை ஐஸ் இன்னும் கெடுக்கும். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். நம் மாவட்டங்களில் கோடையில் குழாயில் தண்ணீர் வராத நாள் நிறைய. அப்போது பேசினில் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கையை முக்கி வைத்து, சூடேற மாற்றுங்கள். அல்லது சொம்பால் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். பேஸ்ட், இட்லி மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம்.

பாம்புக்கடி. இதை அழுத்திச் சொல்கிறேன். தளி, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் காட்டோரம் இருப்பவர்களும், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கண்ணாடி விரியன் கடித்தால் அந்த இடமே வீங்கிச் சதை கெடத் தொடங்கும். அதன் மேல் ஐஸ் வைத்தால் கேடு இரட்டிப்பாகும். விஷம் ஏறுவதையும் அது தடுக்காது. கட்டும் போடாதீர்கள், கீறவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேள் கொட்டிய இடத்தில் மட்டும் துணி சுற்றிய ஐஸ் வைத்தால் கடுகடுப்பு தணியும். ஆனால் செந்தேள் விஷம் இதயத்தைத் தாக்கும். கொட்டியது குழந்தையை என்றால், அல்லது கொட்டுப்பட்டவருக்கு வேர்த்து ஊற்றினால், வாந்தி வந்தால், ஐஸ் வைத்துக்கொண்டே வண்டி ஏற வேண்டும்.

காய்ச்சலுக்கும் ஐஸ் வேண்டாம். குளிரில் உடம்பு நடுங்கத் தொடங்கினால் நடுக்கமே சூட்டைக் கூட்டும். சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணி போதும்.

வெயிலில் மயங்கி விழுந்தவர் கதை வேறு. இது காய்ச்சல் அல்ல, உடம்பு தன் சூட்டை வெளியே விட முடியாமல் தவிக்கிறது. ஓசூர் மேட்டில் இருப்பதால் அங்கே வெயில் கொஞ்சம் தணிவு. ஊத்தங்கரை, அரூர், தர்மபுரி பக்கம் சித்திரை வெயிலில் செங்கல் சூளையிலும் சாலை வேலையிலும் நிற்பவர்களுக்கு இது நிஜமான ஆபத்து. பேச்சு குழறி, உடம்பு கொதித்து விழுந்தால் 108-க்குச் சொல்லிவிட்டு நிழலுக்குத் தூக்குங்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்தின் இரு பக்கம், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் துணி சுற்றிய ஐஸ் பேக் வையுங்கள். பெரிய ரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகில் ஓடும் இடங்கள் இவை. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

விரல் துண்டானால்

ஓசூர் சிப்காட்டில் பிரஸ் மெஷினில் வேலை செய்பவர்களும், வீட்டில் சோளத்தட்டு வெட்டும் மெஷினில் மாட்டுக்குத் தீவனம் நறுக்குபவர்களும் இதைப் படித்துவிட்டு இன்னொருவருக்கும் சொல்லுங்கள். துண்டான விரலை ஐஸில் நேராகப் போட்டு எடுத்துவருவது பலரும் செய்வது. ஐஸ் பட்ட சதை உறைந்து, அதன் மெல்லிய ரத்தக் குழாய்கள் சிதைந்துவிடும். பிறகு ஒட்ட வைப்பது கஷ்டம்.

முதலில் ஆளைக் கவனியுங்கள்: வெட்டுப்பட்ட இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்தி, கையை உயரத் தூக்கிப் பிடியுங்கள். விரலில் மண், கிரீஸ் இருந்தால் சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசுங்கள், தேய்க்காதீர்கள். ஈரமாக்கிப் பிழிந்த சுத்தத் துணியில் அல்லது காயத்துக்குக் கட்டுப் போடும் காஸ் துணியில் சுற்றுங்கள். அதைத் தண்ணீர் புகாத கவரில் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தக் கவரை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு கவரிலோ டப்பாவிலோ மிதக்க விடுங்கள். கவர் மேல் விபத்து நடந்த நேரத்தை எழுதி, ஆளோடு சேர்த்தே அனுப்புங்கள். போகும் வழியிலேயே போன் செய்து, ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை அங்கே செய்வார்களா என்று கேட்டுக்கொண்டால் நேரம் மிச்சமாகும்.

மருந்தைக் குளிராக எடுத்துப் போவது

நம் ஊர் நர்சம்மா புதன்கிழமை தடுப்பூசி போட வரும்போது தோளில் மாட்டியிருக்கும் நீலப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் நான்கு சுவரிலும் 4 ஐஸ் பேக் நிற்கும், நடுவில் மருந்து. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி போன்றவை உறைந்துவிட்டால் பலன் போய்விடும். அதனால் அந்த ஐஸ் பேக்குகளை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பெட்டியில் வைக்கமாட்டார்கள். மேஜை மேல் பரப்பி வைத்துக் காத்திருப்பார்கள். மேலெல்லாம் வேர்த்து முத்து முத்தாக நீர் பூத்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டிக்குள் போகும். அந்தச் சத்தம் கேட்டால் அது 0 டிகிரிக்கு ஏறிவிட்டது என்று பொருள்.

இன்சுலின் எடுத்துப் போகிறவர்களும் இதையே செய்யுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்காரர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அதன் வேலை. கொடுக்கிற மருந்தைக் கெடாமல் வைத்துக்கொள்வது நம் பொறுப்பு. பிரிக்காத இன்சுலின் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் இருக்க வேண்டும். ஃப்ரீசரை ஒட்டிய தட்டிலோ, பின்சுவரில் ஒட்டியோ வைத்தால் உறைந்துவிடும். பிரித்துப் பயன்படுத்திக்கொண்டிருப்பது வெளியே, 30 டிகிரிக்கு மிகாத இடத்தில், பெரும்பாலான வகைகளில் 4 வாரம் வரை தாங்கும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் சரியான கணக்கு போட்டிருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் ஓட்டு வீடும் ஷீட் வீடும் 30 டிகிரியில் நிற்காது. ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள், பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதன் நடுவில் சின்ன மண்சட்டி வைத்து, அதற்குள் மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் மருந்தை வைக்கலாம். நிழலில், காற்றோட்டமாக வைத்து, மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாது, எங்கே போனாலும் பெரும்பாலும் பஸ்தான். சென்னைக்குப் போவதென்றால் பாதி நாள் வழியிலேயே போய்விடும். ஜெல் பேக்கை ஓரங்கள் இளகும்வரை வெளியே வையுங்கள். பிறகு டவலில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். இன்சுலினைத் தனியாகச் சின்ன டப்பாவில் போட்டு, அந்தச் சுற்றின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துத் துணிப்பையிலோ டிபன் பையிலோ மூடுங்கள். பையைக் கால்மாட்டில் எஞ்சின் சூடு ஏறும் இடத்திலும், வெயில் விழும் ஜன்னலோரமும் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காரில் போனால் மருந்தை விட்டுவிட்டு இறங்காதீர்கள். உறைந்த இன்சுலின் உருகிய பின் பார்க்க நன்றாகவே இருக்கலாம். இருந்தாலும் போட்டுக்கொள்ளக் கூடாது, தூக்கி எறிந்துவிடுங்கள். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று புரியாமல் அலைகிறவர்களில் சிலருக்குக் காரணம் இதுவாக இருக்கும்.

நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு வெள்ளைக்கழிச்சல் பயம் எப்போதும் உண்டு. அதற்குப் போடும் லசோட்டா சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி, சூடு பட்டால் செத்துவிடும். வாங்கப் போகும்போதே பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு எடுத்துப் போங்கள். மருந்துக் குப்பியைச் சின்ன கவரில் கட்டி ஐஸில் இறக்குங்கள், இல்லாவிட்டால் லேபிள் ஊறி உரிந்துவிடும். காலை வெயில் ஏறுமுன் போட்டுவிடுங்கள். கரைத்த மருந்தை 2 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மீந்ததை எடுத்துவைத்து மறுநாள் போடுவதில் பயனில்லை.

ஐஸ் ஒட்டியே இருக்க வேண்டியவை

ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போகும் தாய்மார்கள், பாலைப் பிழிந்து வீட்டுக்குக் கொண்டுவர முடியும். இதில் மருந்துக்குச் சொன்ன தயக்கம் தேவையில்லை. சூடு புகாத பையில், நன்றாக உறைந்த ஐஸ் பேக்குகளைப் பால் பாட்டிலை ஒட்டியே வைக்கலாம். 24 மணி நேரம் வரை பால் கெடாது. பாட்டில் மேல் நேரத்தை எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மீனுக்கும் ஐஸ் நேராகவே பட வேண்டும். ஒகேனக்கல்லிலோ கே.ஆர்.பி. அணையிலோ மீன் வாங்கி ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் ஜெல் பேக்கை நம்ப வேண்டாம். உடைத்த ஐஸ்தான் மீனை நாலாபக்கமும் மூடும், உருகும் தண்ணீர் மீன் மேல் ஓடிச் சூட்டை இழுத்துக்கொண்டு வடியும். குடலை எடுத்துக் கழுவி, தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஒரு அடுக்கு ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்குங்கள். நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். பெட்டியின் அடியில் ஒரு ஓட்டை போட்டு, வடியும் நீரைப் பிடிக்க ஒரு தட்டு வையுங்கள். தேங்கிய அழுக்குத் தண்ணீரில் ஊறும் மீன் சீக்கிரம் நாறும். பெட்டியை அடிக்கடி திறக்காதீர்கள். இந்த வேலைக்கு வாங்கும் ஐஸ் பார் குடிப்பதற்கு அல்ல, ஜூஸில் போடாதீர்கள்.

மாங்காய்க்கு ஐஸே வேண்டாம். சொந்தக்காரர்களுக்குக் கிருஷ்ணகிரி மாங்காய்ப் பெட்டி அனுப்பும்போது, கெடாமல் இருக்கட்டும் என்று ஐஸ் பேக் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். காயாக இருக்கும் மாம்பழம் 12 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துக் குழி விழும், பழுக்காமலே நின்றுவிடும். வைக்கோலும் காற்றோட்டமும் போதும்.

கரண்ட் போனால்

ஃப்ரீசரில் இடம் காலியாக இருந்தால் பழைய தண்ணீர் பாட்டில்களில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பி அடுக்கிவையுங்கள். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு பெருக்கும், அதனால் கழுத்துவரை நிரப்பினால் பாட்டில் வெடிக்கும். நிரம்பிய ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால் 2 நாள் வரை குளிர் காக்கும். பாதி காலியாக இருந்தால் ஒரு நாள். ஃப்ரீசருக்குக் கீழே இருக்கும் ஃப்ரிட்ஜ் பகுதியான கீழ்த்தட்டு 4 மணி நேரத்துக்குத்தான். காற்றுமழையில் மரம் விழுந்து கரண்ட் நீண்ட நேரம் வராது என்று தெரிந்தால், உறைந்த பாட்டில் இரண்டைக் கீழ்த்தட்டில் பாலும் மருந்தும் இருக்கும் பக்கம் இறக்குங்கள். இன்சுலினை ஒட்டி வேண்டாம், ஒரு துணி இடையில் இருக்கட்டும்.

வாங்கும்போதும் பிறகும்

ஒன்றுதான் வாங்குவேன் என்றால், ஒரு முழங்கையைச் சுற்றும் அளவுக்கு, துணி உறையோடு வரும் ஜெல் பேக் வாங்குங்கள். தையல் ஓரத்தை அழுத்திக் கசிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். சூடாக்கவும் பயன்படுத்தலாம் என்று அட்டையில் போட்டிருந்தால் மட்டுமே வெந்நீரில் போடுங்கள், அதுவும் ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே அல்ல, சாதாரண நிலைக்கு வந்த பிறகு. மீனுக்கு வைத்த பேக்கை மருந்துக்கோ உடம்புக்கோ எடுக்காதீர்கள். தனித்தனியாக மார்க்கரில் எழுதிவைத்தால் வீட்டில் யார் எடுத்தாலும் மாறாது. ஃப்ரீசரில் தட்டையாகப் படுக்கவையுங்கள். மடித்துத் திணித்தால் அந்த மடிப்பிலேயே ஒருநாள் கிழியும்.

கசியத் தொடங்கியதைச் செலோடேப் ஒட்டி ஓட்டாதீர்கள். சில பேக்குகளில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தையோ நாயோ நக்கிவிடும். குழந்தை வாயில் வைத்துவிட்டது என்று தெரிந்தால் வாயைத் துடைத்துக் கொப்பளிக்கவைத்து, பேக்கின் உறையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அதில்தான் எழுதியிருக்கும். ஜெல்லைச் சிங்க்கிலோ கக்கூஸிலோ கொட்ட வேண்டாம், தண்ணீரைக் குடித்து உப்பிக் குழாயை அடைத்துவிடும். செடித்தொட்டியிலும் வேண்டாம். கிழிந்த பேக்கை இன்னொரு கவரில் போட்டுக் கட்டி, குப்பை வண்டி வரும்போது மக்காத குப்பையோடு கொடுத்துவிடுங்கள்.